குறை இல்லாத தெரு

மனிதனுடைய பாதுகாப்பை அளக்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு அந்த வருஷம் அரசாங்கம் ஊர் ஊராக ஆட்களை அனுப்பியது. நாட்டின் பாதுகாப்பு என்றால் பட்டாளம், பீரங்கி. மனிதனின் பாதுகாப்பு என்றால் வயிறு நிறைகிறதா, நோய் வந்தால் போக இடம் உண்டா, நாளைக்கு வேலை இருக்குமா, பயமில்லாமல் தூங்க முடிகிறதா என்பதெல்லாம். வீடு வீடாகக் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். எந்த ஊராட்சி கடைசியில் நிற்கிறதோ அதற்குத்தான் முதல் உதவி. நல்ல ஏற்பாடுதான். மதிப்பெண் என்று காதில் விழுந்தாலே நம் ஜனங்கள் முதலிடத்துக்கு ஓடுவார்கள் என்பது மட்டும் ஏற்பாடு செய்த பெரிய மூளைகளுக்குத் தோன்றவில்லை.

திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே இருக்கும் நெடுவாய்க்கால் ஊராட்சி அப்படி ஓடியது. ஓட்டத்தைத் தொடங்கி வைத்தவள் ஹபீபுன்னிசா.

ஊரை இரண்டாகப் பிரிப்பது வாய்க்கால். வடக்கே பள்ளிவாசல் தெரு. துபாய், சவூதி, குவைத் என்று ஆண்கள் போய்விட்ட வீடுகள். வாசலில் கிரில் கதவும் உள்ளே மொசைக் தரையும். தெற்கே காலனி. வயல் வேலையை நம்பியிருந்த குடும்பங்கள். காவிரியில் தண்ணீர் வராமல் போய் இரண்டாவது வருஷம் அது. குறுவை போடவில்லை, சம்பாவும் பொய்த்தது. வாய்க்காலில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடினார்கள். காலனியில் பாதிப் பேர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் இன்றோ நாளையோ என்று இருந்தார்கள்.

பள்ளிவாசல் தெருவுக்கு என்ன, கடல் தாண்டிப் பணம் வருகிறது என்று காலனியில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். காலனி என்ன, அடுத்தடுத்த வீட்டுக்காரர்களே ஒருவரைப் பற்றி ஒருவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஹபீபுன்னிசாவின் கணவர் நெய்னா முகம்மது சவூதியில் எலக்ட்ரீஷியன். அவர் வேலை பார்த்த கம்பெனியின் முதலாளி போன ரமலானுக்குப் பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டான். சம்பளமும் இல்லை, ஊர் திரும்பப் பாஸ்போர்ட்டும் கையில் இல்லை. அவரைப் போலவே மாட்டிக்கொண்டவர்களோடு ஓர் அறையில் சுருண்டு கிடந்தார். எப்போதாவது போன் செய்வார். பேச்சு பாதிக்கு மேல் போகாது, அழுகை வந்துவிடும். இது ஹபீபுன்னிசாவுக்குத் தெரியும், மகள் ரிஃப்காவுக்குக் கொஞ்சம் தெரியும். மூன்றாம் பேருக்குத் தெரியாது.

வீட்டில் அரிசி குறையக் குறைய ஹபீபுன்னிசா நோன்பு வைக்கத் தொடங்கினாள். திங்களும் வியாழனும் நோன்பு வைப்பது நல்ல வழக்கம்தான், யாரும் ஏன் என்று கேட்க முடியாது. பிறகு அரிசி இன்னும் குறைந்தது, நோன்பு இன்னும் கூடியது. விட்டுப்போன நோன்பு என்றாள், நேர்ச்சை நோன்பு என்றாள். மத்தியானம் மகளுக்குத் தட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டினாள். பொழுது சாய்ந்து மஃரிபுக்கு ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீரும், சட்டியில் மிச்சம் இருந்தால் அதுவும்.

தெருவில் அவள் பெயர் உயர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பெண்கள் கூடி மார்க்கப் பேச்சுக் கேட்கும் பயானில், பேசுகிற ஆலிமா அவள் பெயரையே சொல்லி, துனியாவின் ருசியை, இந்த உலகத்து ருசியை விட்டவள் என்று புகழ்ந்தார். ஹபீபுன்னிசா தலையைக் குனிந்துகொண்டாள். அதை அடக்கம் என்று சொல்லி இன்னும் புகழ்ந்தார்கள். அல்லாவின் பெயரைச் சொல்லி வெறும் சட்டியை மூடி வைத்திருக்கிறோம் என்று அவளுக்கு உடம்பு கூசியது. ஆனால் கூச்சத்தோடு ஒரு நாளை ஓட்டிவிடலாம். உண்மையைச் சொல்லிவிட்டு அதே தெருவில் நடப்பதை அவளால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

அந்தப் பெயரைக் கேட்டுத்தான் கூத்தாநல்லூரிலிருந்து ஜொஹராம்மாள் தன் மகனுக்கு ரிஃப்காவைப் பெண் பார்க்க வந்தாள். எங்களுக்கு நகை நட்டு முக்கியமில்லை, மார்க்கம் பேணுகிற வீடு வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தாள். ஹபீபுன்னிசா காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்து ஆட்டுக்கறி வாங்கினாள். முக்காட்டுக்குள் காது யாருக்குத் தெரியப் போகிறது. பிரியாணி வாசம் தெருமுனை வரைக்கும் போனது.

ஜொஹராம்மாள் தட்டில் கை வைத்த நேரத்தில் லின்சி வந்து நின்றாள். பள்ளிக்கூடத்து சவரிராஜ் சாருடைய மகள், எம்.ஏ. படித்துவிட்டு இந்தக் கணக்கெடுப்பில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வேலை ஒழுங்காக இருந்தால் நிரந்தரம் ஆக்குவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். சின்ன வயதிலிருந்து பெருநாளைக்கு இந்த வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள். அப்புறம் வருகிறேன் என்றவளை, பரவாயில்லை, உட்கார் என்று ஹபீபுன்னிசாவே உட்கார வைத்தாள். அரசாங்கத்து ஆள் வந்து கேட்பதும் தான் பதில் சொல்வதும் சம்பந்தியாகப் போகிறவள் முன்னால் நடந்தால் நல்லதுதான் என்று ஒரு சின்ன ஆசை.

வேலை, வைத்தியம், திருட்டுப் பயம் என்று கேட்டுக்கொண்டே வந்து லின்சி குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள்.

"இந்த ஒரு மாசத்துல, சாப்பாடு போதாம வீட்டுல யாராவது சாப்பிடாம இருந்திருக்கீங்களா பெரியம்மா?"

ஜொஹராம்மாள் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"நான் நோன்பு வைக்கிறவ. அது அல்லாவுக்காக" என்றாள் ஹபீபுன்னிசா. "மத்தபடி இந்த வீட்டுல ஒரு குறையும் இல்ல. எழுதிக்க."

மார்க்கத்துக்காக இருக்கிற விரதத்தைப் பசிக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி. லின்சி உடனே எழுதவில்லை. பெரியம்மாவின் கழுத்தெலும்பையும், வளையல் முழங்கை வரை வழிந்து இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் நாளைக்கு வேணா தனியா வரட்டுமா பெரியம்மா?"

"தனியா வந்து கேக்க இங்க என்ன ரகசியம் இருக்கு?" என்று ஹபீபுன்னிசா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இருந்த சூடு லின்சிக்கு மட்டும் பட்டது. அவள் எழுதிக்கொண்டு எழுந்தாள்.

பள்ளிவாசல் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் தெருவில் இறங்கிப் போக மாட்டார்கள். கொல்லையிலிருந்து கொல்லைக்குச் சுவரில் கதவு வைத்திருப்பார்கள். அந்தக் கதவுகளின் வழியாகத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெயில் படாமல் போய்விடலாம். லின்சி வாசல் வழியாகச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்குவதற்குள், பக்கத்து வீட்டு சபுராம்மாள் கொல்லைக் கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"என்ன கேட்டா? நீ என்ன சொன்னே ஹபீபு?"

"ஒரு குறையும் இல்லன்னு சொன்னேன்."

அது போதும். ஹபீபுன்னிசா வீட்டிலேயே குறை இல்லை என்றால் நாம் மட்டும் இருக்கிறது என்று சொல்லவா முடியும்? பதில் கொல்லை வழியாக முன்னால் ஓடியது, கேள்வி தெரு வழியாகப் பின்னால் வந்தது. ஓட ஓடப் பதில் சதையும் போட்டது. சபுராம்மாள் வீட்டில் தினமும் மீன். அதற்கடுத்த வீட்டில் வாரத்தில் பாதி நாள் கறி. அந்தக் கோடி வீட்டுக்கு லின்சி போய்ச் சேர்ந்தபோது, சாப்பாடு மிஞ்சிப் போவதுதான் இங்கே பிரச்சினை, வாங்க ஒரு பிச்சைக்காரர்கூட வருவதில்லை என்று அந்த வீட்டுக்காரி குறைப்பட்டுக்கொண்டாள். அவளுடைய மகன் வேலை போய்க் குவைத்திலிருந்து திரும்பி வந்து உள்ளறையில் ஒளிந்து உட்கார்ந்திருந்தது பிறகுதான் வெளியே தெரிந்தது.

லின்சி சொன்னதைச் சொன்னபடி எழுதினாள். வாய்க்காலைத் தாண்டிக் காலனிக்குப் போனாள். அங்கே பொன்னுத்தாய் முதல் எல்லோரும் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். அதையும் எழுதினாள்.

இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்துக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். தஞ்சாவூரிலிருந்து அதிகாரி வந்திருந்தார். வட்டாரத்திலேயே நெடுவாய்க்கால்தான் முதலிடம் என்று அறிவித்தார். பள்ளிவாசல் தெரு ஆண்கள் கை தட்டினார்கள். ஊராட்சித் தலைவருக்குச் சால்வை போட்டார்கள். அப்புறம் அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இந்த வறட்சிக்கு வாய்க்கால் தூர்வாரும் வேலையும் அதற்குக் கூலியாக அரிசியும் வந்திருக்கிறது, அது மதிப்பெண் குறைந்த ஊராட்சிகளுக்குப் போகிறது, நீங்கள் நன்றாக இருப்பதால் இந்த முறை உங்களுக்கு இல்லை என்றார்.

காலனிப் பக்கமிருந்து பொன்னுத்தாய் எழுந்தாள். நடவு ஆட்களைக் கூட்டிப்போய் வேலை வாங்குகிறவள். பேசப் பயந்தவள் இல்லை.

"நாங்க அரை வயித்துக் கஞ்சின்னு சொன்னமேங்க. அது எங்க போச்சு?"

அதிகாரி பொறுமையாகவே விளக்கினார். ஊராட்சி முழுவதற்கும் சேர்த்து ஒரே சராசரி. பள்ளிவாசல் தெருவில் வீடுகள் அதிகம், காலனியில் குறைவு. பொன்னுத்தாய் புரியவில்லை என்று நின்றாள். அதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? தெருவின் பிரியாணியையும் காலனியின் கஞ்சியையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கிளறியிருக்கிறார்கள். கஞ்சி காணாமல் போய்விட்டது.

கணக்கெடுத்த பெண் தன் வீட்டில் உட்கார்ந்து இஷ்டத்துக்கு எழுதிவிட்டாள் என்று காலனியிலிருந்து ஒருவன் கத்தினான். பின்னாலேயே நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். லின்சி மேடை ஓரத்தில் பைலை மார்போடு அணைத்தபடி நின்றாள். எந்த வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்பதை வெளியில் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள். ஒரு முறை மட்டும் பெண்கள் பக்கம் பார்த்தாள்.

ஹபீபுன்னிசா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவளுக்குத் தெரியும். ரிஃப்காவின் நிக்காஹ் தேதி குறிக்க சம்பந்தி வருகிற நேரம் என்பதும் தெரியும். எழவில்லை. அடுத்த வாரம் தானே வந்து சில வீடுகளில் மறுபடி கேட்கப் போவதாகவும், எழுதியது பொய் என்றால் அந்தப் பெண்ணுக்கு வேலை இல்லை என்றும் அதிகாரி சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பொன்னுத்தாய் எப்போதும்போல முருங்கைக்கீரையோடு கொல்லைப் பக்கம் வந்தாள். வழக்கத்தைவிட இரட்டிப்பாக இருந்தது. காசு வேண்டாம் என்றாள்.

"இனிமே வரமாட்டேம்மா. வர்ற திங்கக்கெழம திருப்பூரு போறோம். புள்ளைங்க பள்ளிக்கூடத்தையும் நிறுத்தியாச்சு. அரிசி வேல வந்திருந்தா இந்த வருசம் எப்படியாவது ஓட்டியிருக்கலாம்." கீரையைத் திண்டில் வைத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். "நோன்பு தொறக்கையில ஆக்கிச் சாப்பிடுங்க. எங்களுக்கும் ஒரு துவா கேளுங்கம்மா. நீங்க நோன்பு வைக்கிறவங்க. நீங்க கேட்டா கெடைக்கும்."

அவள் போன பிறகு ஹபீபுன்னிசா கீரைக்கட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பொன்னுத்தாய் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். துவா கேட்கச் சொன்னதுதான் தாங்கவில்லை. அவர்களுடைய அரிசியைத் தன் வாயாலேயே இல்லாமல் ஆக்கிவிட்டு அவர்கள் கொடுத்த கீரையை வாங்கி வைத்திருக்கிறாள். சீ என்று சத்தமாகத் தனக்கே சொல்லிக்கொண்டாள். ரிஃப்கா உள்ளேயிருந்து என்ன உம்மா என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று பதில் போனது. அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

அன்று சாயங்காலம் லின்சி வீட்டுக்குப் போனாள். லின்சி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு நாற்காலியை எடுத்துப் போட்டாள். ஹபீபுன்னிசா உட்காராமல் நின்றபடி, உன் பேர் கெட்டது என்னால்தான், மன்னித்துக்கொள் என்று தடுமாறினாள்.

"இதைச் சொல்லத் தனியா வந்தீங்களா பெரியம்மா?" என்றாள் லின்சி. குரலில் கோபம் இல்லை. அதுதான் மோசமாக இருந்தது. "அதிகாரி வந்தா அன்னிக்குச் சொன்னதையே சொல்லிருங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா என் வேலையும் தப்பும், ரிஃப்கா கல்யாணமும் நடக்கும். யாருக்கும் நஷ்டம் இல்ல."

"பொன்னுத்தாயி?"

லின்சி மெஷினை ஓட்டத் தொடங்கினாள்.

அதிகாரி வருகிற அன்றைக்கே ஜொஹராம்மாளும் தேதி குறிக்க வந்து சேர்ந்தாள். ஊர் முதலிடம் வந்த செய்தி கூத்தாநல்லூர் வரை போயிருந்தது. வந்ததும் முதலில் அதற்குத்தான் சந்தோஷப்பட்டாள். இந்த முறை பிரியாணி இல்லை. காதில் கழற்ற எதுவும் இல்லை. தேநீர் மட்டும்தான். அதற்கும் பால் சபுராம்மாள் வீட்டிலிருந்து வந்தது.

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தார். லின்சி வாசற்படிக்கு வெளியே நின்றாள், விசாரணை முடியும்வரை உள்ளே வர அவளுக்கு அனுமதி இல்லை. அதே கேள்விகள். வேலை, வைத்தியம், பயம். ஹபீபுன்னிசா ஆம், இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தாள். அன்றைக்குச் சொன்னதையே சொன்னால் போதும், இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று உள்ளே ஒரு குரல் அவளைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தது. பசிக் கேள்வி வந்தது.

"நோன்பு" என்று தொடங்கினாள். ஜொஹராம்மாள் பெருமையோடு தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் ஹபீபுன்னிசாவுக்கு வாய் நின்றுவிட்டது. அதிகாரி பேனாவோடு காத்திருந்தார்.

"நோன்பு இல்லைங்க" என்றாள். "வீட்டுல சோறு இல்ல. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதனால நோன்புன்னு சொன்னேன். போன ரமலானுக்கு அப்புறம் ரிஃப்கா வாப்பாகிட்டேருந்து ஒண்ணும் வரல. அந்தப் புள்ள லின்சி தப்பா எழுதல. நான்தான் பொய் சொன்னேன். தனியா வரட்டுமான்னுகூட அது கேட்டுச்சு, வேணாம்னுட்டேன். தெருவே என்னையப் பாத்துத்தான் சொல்லுச்சு."

சொல்லி முடித்தால் நெஞ்சு லேசாகிவிடும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தாள். லேசாகவில்லை. காது வரை எரிந்தது. ரிஃப்கா அடுக்களை நிலைப்படியில் நின்று உம்மாவைப் பார்த்தாள். மத்தியானம் தோறும் தன் தட்டுக்கு எதிரே தஸ்பீஹ் உருட்டியபடி உட்கார்ந்திருந்த உம்மாவை இப்போதுதான் அவளும் பார்த்தாள். அதிகாரி முன்பு எழுதியிருந்ததை அடித்துவிட்டு வேறு எழுதினார். எழுந்து அடுத்த வீட்டுக்குப் போனார்.

ஜொஹராம்மாள் தம்ளரைக் கீழே வைத்தாள். தேநீர் பாதி அப்படியே இருந்தது.

"அன்னிக்கு எனக்குப் பிரியாணி போட்டீங்களே சம்பந்தி" என்றாள்.

அது கோபமா, இரக்கமா, இந்த இடம் வேண்டாம் என்பதன் தொடக்கமா என்று ஹபீபுன்னிசாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. நிமிர்ந்து முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கும் தைரியம் வரவில்லை.

கொல்லைக் கதவு திறந்தது. சபுராம்மாள் தலையை நீட்டினாள். அவள் வீட்டு வாசலில் அதிகாரி கூப்பிடுகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. அவளுக்குப் பின்னால் அடுத்த கொல்லையின் கதவும் திறந்திருந்தது, அதில் இன்னொரு முக்காடு.

"என்ன கேட்டார்? நீ என்ன சொன்னே ஹபீபு?"

அதிகாரியிடம் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. அதிகாரி தஞ்சாவூருக்குப் போய்விடுவார். சபுராம்மாள் நாளைக்கும் இந்தக் கதவைத் திறப்பாள். பயானில் பக்கத்தில் உட்காருவாள்.

"பட்டினின்னு சொன்னேன்" என்றாள் ஹபீபுன்னிசா.

சபுராம்மாள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாசலில் அதிகாரி இரண்டாம் தடவை கூப்பிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவைச் சாத்தாமலே அவள் திரும்பி உள்ளே போனாள்.